துலா மிதித்தவர்களும் குளத்துக்காரரும்

திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி மணலில் வெங்காயம் நட்டால் இறைப்புத்தான் பெரிய பாடு. அப்பப்பா காலத்தில் துலா, அதாவது கிணற்று நீர் இறைக்கும் ஏற்றமரம். ஒருவர் துலாமரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் நீர் அள்ளும் பட்டையைக் கிணற்றில் அமிழ்த்தி, மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். பாத்தி நிறைந்ததும் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புவது சிறுபிள்ளைகளான எங்கள் வேலை. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்ததும் துலாமரம் அடுப்புக்குப் போனது.

கந்தளாய் மாமாவுக்கு இந்தக் கதை சிரிப்பு. அவருக்குக் குளத்துத் தண்ணீர் தானாக வரும். அந்தக் குளத்தை 7ஆம் நூற்றாண்டில் அரசன் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பார்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் என்கிறது கோணேசர் கோயிலைப் பற்றிய பழைய நூலான கோணேசர் கல்வெட்டு. அந்த வழக்கு எனக்கு வேண்டாம். பழைய இலங்கைக் குளங்களில் மதகோடு சேர்த்துக் கட்டிய சதுரக் கிணறுதான் என்னைக் கவர்கிறது: நீரின் அழுத்தத்தை அதற்குள் அடக்கிய பிறகே வெளியே விட்டார்கள்.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு திருத்திக் கட்டினார்கள். மாமா இன்றும் சிறுபோகம் எனும் சிறிய நெற்பருவத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் தேதிக்காகச் சண்டை பிடிக்கிறார்.