இரண்டாவது டப்பா

மூன்று வாரமாக இருமல். சாயந்திரமானால் உடம்பு லேசாகக் காயும், ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அக்கா, "ரெண்டு வாரத்துக்கு மேல இருமினாலே காசநோய் இருக்கான்னு சளி டெஸ்ட் எடுக்கணும்மா" என்று சொல்லி அனுப்பினார்.

போன இடத்தில் டப்பாவைக் கையில் கொடுத்து, "சளி எடுத்துட்டு வாங்க" என்றார்கள். அவ்வளவுதான். வெளியே வரிசையில் நிறைய ஆண்கள். அவர்கள் முன்னால் இருமித் துப்ப எனக்குக் கூச்சம். சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, இரண்டு முறை செருமி, வாயில் ஊறியதைத் துப்பிக் கொடுத்தேன். கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இருமல் மட்டும் நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா வந்தபோது நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, போனில் ஒரு தமிழ் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அதில் இரண்டு டப்பாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்றில் நுரைத்த தண்ணீர், இன்னொன்றில் கெட்டியாக, மஞ்சளாக. நான் கொடுத்தது அந்த நுரைத் தண்ணீர்தான். கிருமி இருப்பது நுரையீரலில். எச்சிலைக் கொடுத்தால் எந்த மெஷின்தான் என்ன செய்யும்?

மறுநாள் விடிகாலை, பல்கூடத் தேய்க்காமல் மொட்டை மாடிக்குப் போனேன். ராத்திரி முழுக்கச் சேர்ந்த சளி அப்போதுதான் நன்றாக வரும். பாத்ரூமுக்குள் எடுக்கக் கூடாது, காற்றோட்டமான இடம் வேண்டும். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் பிடித்து, விட்டேன். இன்னொரு முறை. அப்புறம் அடிவயிற்றிலிருந்து இருமினேன். முதலில் நுரைதான். மூன்றாவது தடவை விலாவுக்குள் எதுவோ பிடி விட்ட மாதிரி இருந்தது. கெட்டியாக, நூல் இழுத்தபடி வந்து விழுந்தது. இரண்டிலிருந்து ஐந்து மில்லி வேண்டும் என்பதால் இன்னும் இருமினேன். யாரும் பார்க்காத இடத்தில் கூச்சமும் இல்லை. மூடியை இறுக்கி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ட்ரூநாட் மெஷின் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. அழுதேன். ஆறு மாத மாத்திரை, சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் என்று எல்லாம் பொறுமையாகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் என்னை ஒட்டியே படுத்திருந்த சின்னவளை நினைத்தால் இன்னமும் நெஞ்சு பதறுகிறது. அவளைப் பரிசோதித்து, நோய் வராமல் தடுக்கும் மருந்து கொடுத்தார்கள்.

தான்சானியாவில் இதை ஆய்வாகவே செய்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வீடியோ பார்த்துவிட்டுக் கொடுத்தவர்களின் சளி, அளவிலும் தரத்திலும் மேலாக இருந்திருக்கிறது. டப்பா கொடுக்கும் இடத்திலேயே அதைக் காட்டினால் என்ன? சில நிமிஷம்தானே.

இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி சளி கேட்டார்கள். அதே மாடி, அதே மாதிரி மூச்சு. எத்தனை தடவை இருமியும் டப்பாவின் அடி நனைகிற அளவுதான் வந்தது. "வரலைன்னா நல்லதுதாம்மா" என்று சொல்லி சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டார்.