ஏரியில் விளையும் அரிசி

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி வாழ்ந்துவரும் ஓஜிப்வா மக்கள் வசந்தத்தில் மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தவர்கள், குளிர்காலத்தில் வேட்டையாடியவர்கள் என்றாலும், அவர்களுடைய ஆண்டின் உச்சம் ஆகஸ்ட் இறுதிவாக்கில் தொடங்கும் காட்டரிசி அறுவடைதான். ஆழமற்ற நீரில் தானாக விளையும் அந்தப் பயிரினூடே ஒருவர் நீண்ட கழியால் படகை உந்திச் செல்ல, மற்றவர் ஒரு கோலால் தாள்களைப் படகின்மேல் வளைத்து, இன்னொரு கோலால் மெல்லத் தட்டி, முற்றிய மணிகளை மட்டும் உதிர்க்கிறார். தண்ணீரில் சிந்துவது அடுத்த ஆண்டுக்கான விதை. படகில் விழுந்த மணிகளைப் பிறகு வறுத்து, குழியிலிட்டுக் காலால் மிதித்து, பிர்ச் மரப்பட்டைத் தட்டில் புடைப்பார்கள். அமெரிக்க அரசுடன் செய்த 1837 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடிப்பு ஆகியவற்றோடு காட்டரிசி சேகரிக்கும் உரிமையையும் அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆவணத்தில் அவர்களுக்கு மிஞ்சிய மதிப்புள்ள வரி அதுதான். அது காலாவதியாகிவிட்டது என்று வாதாடிய மினசோட்டா மாநிலம் 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.