மணிக்கு எவ்வளவு?

எங்கள் ஊர் ராயக்கோட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தக்காளி மண்டிக்குப் பேர்போன ஊர். அப்பா இரண்டு ஏக்கரில் தக்காளி போடுவார். 2011 கடைசியில் பெரிய ஐடி கன்சல்டிங் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 3.25 லட்சம். வீட்டில் எல்லோரும் சம்பளத்தையே பேசிக்கொண்டிருக்க, அப்பா மட்டும், "நீ செய்யற வேலைய அவங்க யாருக்குடா விக்கறாங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலைப்பா, உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்து சென்னையில் நாலு மாதம் பெஞ்ச். ப்ராஜெக்ட் இல்லாமல் சம்பளம் வாங்குவது வெளியே இருப்பவர்களுக்குச் சொகுசாகத் தெரியும். கார்டைத் தேய்த்து உள்ளே போனால் 9 மணி நேரத்தை ஓட்டியாக வேண்டும். கேன்டீன், நூலகம், மறுபடி கேன்டீன். ஜாவா படித்தவனிடம் டெஸ்டிங் போகிறாயா என்பார்கள், மெயின்ஃப்ரேம் போகிறாயா என்பார்கள், எதற்கும் தலையாட்டுவோம். இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது, "சரக்கு மண்டியில தேங்கிக் கெடக்குதுன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் விஷயம். எங்கள் பேட்சில் இரண்டு பேரைத் தனியறைக்குக் கூப்பிட்டு, நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிடுங்கள் என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ப்ராஜெக்ட் கிடைத்து, பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றினார்கள். வாடகை கட்டாது என்று ஓசூரில் மூன்று பேரோடு ரூம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் டைம்ஷீட் போட வேண்டும்: நாளுக்கு 8, வாரத்துக்கு 40. ராத்திரி கிளையண்டோடு போனில் பேசிக்கொண்டு உட்கார்ந்து 11 மணி நேரம் உழைத்த நாளிலும் 8 என்றுதான் போடுவோம். கிளையண்ட் காசு கொடுப்பது 40க்குத்தான். மிச்சம் யார் கணக்கிலும் ஏறாது.

2014ல் மேனேஜர் ஏதோ அட்டவணை அனுப்பப்போய், எங்கள் ஒவ்வொருவருக்கும் கிளையண்டிடம் மணிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற ரேட் ஷீட்டும் தவறுதலாகக் கூடவே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் 'அந்த மெயிலை அழித்துவிடவும்' என்று இன்னொரு மெயில். அதற்குள் டீமில் பார்க்காதவர் யாருமில்லை. என் பேருக்கு நேரே மணிக்கு 24 டாலர். அப்போது டாலர் 60 ரூபாய் சுமார். மாதம் 160 மணி நேரம் என்று வைத்தால் 2.3 லட்சம் வருகிறது. கையில் வாங்கிக்கொண்டிருந்தது 27 ஆயிரம்.

அந்த வாரம் ஊருக்குப் போனதும் அப்பாவிடம் கொட்டினேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "மண்டிக்காரன் நூத்துக்குப் பத்து எடுக்கறான், அதுக்கே நாம திட்டறோம்" என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் யோசித்து, "ஆனா விக்காத கூடைக்கு அவன் நயா பைசா தர்றதில்ல. உனக்கு நாலு மாசம் சும்மா குடுத்தாங்கல்ல?" என்றார். கம்பெனிக்கு வக்கீலாக அவர் வந்து நின்றது எனக்கு எரிச்சல்தான். போகப்போக அவரே, "ஏலத்துல என் தக்காளி என்ன விலைக்குப் போச்சுன்னு நான் பக்கத்துல நின்னு காதால கேக்கறேன். உன்ன எவ்வளவுக்கு வித்தாங்கன்னு தெரிஞ்சுக்க யாரோ தப்பா மெயில் அனுப்ப வேண்டியிருக்குது பாரு" என்றார்.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை. தமிழ்நாட்டு பஸ்கள் எல்லையிலிருக்கும் ஜூஜூவாடியோடு நின்றுவிட, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி வரை நடந்தோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள். ஆபீஸ் மூடிக் கிடந்த நாட்களைச் சனிக்கிழமை வந்து ஈடுகட்டச் சொன்னார்கள். எல்லாம் அந்த 40 மணி நேரத்துக்காகத்தான்.

இப்போது ரேட் ஷீட் போடுவதே என் வேலைகளில் ஒன்று. ஒரு டீம் என்றால் மேலே அனுபவசாலி ஒருவர், நடுவில் மூன்று பேர், அடியில் ஏழெட்டு ஃப்ரெஷர்கள். அடி அகலமாக இருந்தால்தான் லாப மார்ஜின் நிற்கும். நாலு வருடம் ஆனவன் சம்பளம் கூடக் கேட்கும்போது, அவன் இடத்தில் புதிதாக ஒருவனைப் போட முடியுமா என்று நானே கணக்குப் பார்க்கிறேன். பெஞ்சில் இருப்பவர்களின் சம்பளம், கட்டடம், விற்பனை ஆட்கள் என எல்லாம் கிளையண்ட் தருவதற்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்துதான் போகிறது. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் பார்க்கிறேன்.

வாரம் 3 நாள் ஆபீஸ். திங்கட்கிழமை காலை ராயக்கோட்டையில் ஓசூர் பஸ் ஏறினால் பாலக்கோட்டிலிருந்தே உட்கார்ந்து வரும் ஒரு பெண் இருப்பாள். எங்கள் டீம்தான், சேர்ந்து எட்டு மாதம். அவள் வீட்டிலும் தக்காளிதான். போன வாரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அண்ணா, என்னை மணிக்கு எவ்வளவுக்கு பில் பண்றாங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் மேலே இருக்கறவங்களுக்குத்தாம்மா தெரியும்" என்றேன். ஷீட் மடியில் இருந்த பையில்தான் இருந்தது.