ஆறாம் வகுப்புக்குப் போகும் முன்: என் இரண்டு பிள்ளைகளோடு நான் பட்டது

என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை. ஆறாம் வகுப்பு தொடங்கி இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு, "அம்மா, நாளைக்குக் கணக்கு டெஸ்ட், அறிவியல் ப்ராஜெக்ட் வைக்கணும், புவியியல் மேப்பும் காட்டணும்" என்று அழுதுகொண்டே வந்து நின்றாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, என்ன கவனமில்லாத பிள்ளை நீ என்று திட்டியும் விட்டேன். அவள் ஒன்று கேட்டாள்: "மூணு பேரும் ஒரே நாள்ல கேக்கறாங்களே, அவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?"

அந்தக் கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருந்தது என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் நாள் முழுக்க வகுப்பில் இருக்கிறார். நேற்று கணக்கில் நிறைய வீட்டுப்பாடம் கொடுத்தோமே, இன்று மொழிப்பாடத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்று அவரே பார்த்துக்கொள்வார். யார் நோட்டைக் கொண்டு வரவில்லை, யார் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். நடுநிலைப் பள்ளிக்கு வந்ததும் பாடத்துக்கு ஒருவர் என்று ஆறு, ஏழு ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் அவரவர் பீரியடில் வந்து பாடம் நடத்திவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார், அவருக்கே நூறு, இருநூறு பிள்ளைகள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் ஒரு வாரம் முழுசாக எப்படி இருக்கிறது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆள் இனிமேல் அந்தப் பிள்ளைதான், அதுவும் பத்து, பதினொரு வயதில், அப்படி ஒரு வேலை தன் தலையில் வந்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலேயே.

மகளின் நோட்டுகளை உட்கார்ந்து புரட்டியபோது அவளுக்குப் பாடம் தெரிந்தே இருந்தது. டெஸ்ட் தேதி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ப்ராஜெக்ட் விவரம் பென்சில் பாக்ஸுக்குள் மடித்து வைத்த துண்டுத்தாளில், மேப்புக்கான பக்க எண் உள்ளங்கையில் எழுதிக் கழுவிப் போயிருந்தது. மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இவ்வளவுதான், நானோ டியூஷன் சேர்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து மகன் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது, விடுமுறையில் ஒரு பாடம்கூட முன்கூட்டி நடத்தவில்லை. பலர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி விடுமுறையிலேயே இரண்டு, மூன்று பாடம் முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது பெரிதாக உதவாது, வகுப்பில் சலிப்புதான் தட்டும். அதற்குப் பதில் ஒரே ஒரு தாள் பழக்கினேன். ஒரு பெரிய தாளில் ஏழு நாளுக்கும் ஏழு கட்டம் போட்டு, விடுமுறையில் அவனுக்கு இருந்த விஷயங்களையே எழுதச் சொன்னேன்: நூலகப் புத்தகம் திருப்பித் தர வேண்டிய நாள், விளையாட்டுப் பயிற்சி, உறவினர் வரும் நாள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள். ஞாயிறு மாலை இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து வரும் வாரத்தை நிரப்புவோம். பள்ளி தொடங்கியபோது அதே கட்டத்தில் பாடங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன, அவனுக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

பெரிய வேலைகளைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணிப் பார்க்கவும் பழக்கினேன். ப்ராஜெக்ட் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்றால் அவன் வெள்ளி என்றுதான் எழுதுவான், அதுவரை அது இருப்பதே மறந்துவிடும். வெள்ளிக்கு முந்தைய நாள் ஒட்டி முடிக்க வேண்டும், அப்படியென்றால் புதனுக்குள் எழுதியிருக்க வேண்டும், திங்களுக்குள் படம் வேண்டும், அட்டை வாங்க ஞாயிறே கடைக்குப் போக வேண்டும் என்று நாலு கட்டத்தில் நாலு வரியாக எழுத வைத்தேன். இதைப் பெரியவர்கள் மனதுக்குள்ளேயே செய்துவிடுவதால், பிள்ளைகளுக்குத் தானாக வரும் என்று நினைத்துவிடுகிறோம். திட்டமிடுதல், முன்னுரிமை கொடுத்தல் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது வரவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இதில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது என் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். பையை இரவே அவன்தான் அடுக்க வேண்டும் என்று முடிவு செய்த முதல் வாரம், மேசையில் ஜியோமெட்ரி பாக்ஸ் கிடப்பதைக் காலையில் நானே பார்த்தேன், எடுத்துக் கொடுக்கக் கை துடித்தது. விட்டுவிட்டேன். மாலையில் வந்து கணக்கு பீரியடில் பக்கத்துப் பையனிடம் காம்பஸ் கடன் வாங்கியதைச் சொன்னான். அதற்குப் பின் டைம்டேபிளைக் கதவில் ஒட்டி, பார்த்துப் பார்த்து அடுக்க ஆரம்பித்தான். மறந்தால் சின்ன நஷ்டம் மட்டுமே வரும் விஷயங்களில் இப்படி விட்டுப் பிடியுங்கள், ஆண்டுத் தேர்வு நாளில் வேண்டாம்.

படிக்கும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பாடத்தை நாலு முறை வாசித்தாலே மனதில் நின்றுவிடும், ஏனென்றால் பாடம் சின்னது, டெஸ்ட்டும் அடுத்த நாளே. இங்கே ஒரு பருவத்துக்கு உள்ளதை மொத்தமாகக் கேட்பார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. என் மகளுக்கு நடந்ததும் இதேதான், இரவு ஒப்பித்துக் காட்டுவாள், மாதக் கடைசியில் எல்லாம் போயிருக்கும். இப்போது இரண்டு பேருமே பாடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, ஒரு தாளில் நினைவுக்கு வந்ததை எழுதி, அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கிறார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. பத்து நிமிட வேலைதான், ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, தெரியாதது பளிச்சென்று தெரிந்துவிடுகிறதே. அந்த இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லுங்கள்.

முன்கூட்டிப் பாடம் வேண்டாம் என்றேன், ஆனால் பழைய பாடத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைத்தே ஆக வேண்டும். கணக்கில் அது பின்னம். முக்காலையும் ஆறில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள், 11/12 என்று காரணத்தோடு சொன்னால் கவலையில்லை. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 4/10 என்று எழுதினால், விடுமுறையில் அதை மட்டும் பாருங்கள், ஏனென்றால் விகிதம், சதவீதம், எண்ணுக்குப் பதில் எழுத்து வரும் சமன்பாடு என்று இனி வருவதில் பாதி பின்னத்தின் மேல்தான் நிற்கிறது. வாய்ப்பாடும் தயங்காமல் வர வேண்டும். மற்ற பாடங்களுக்கு, ஒரு நீளமான பக்கத்தை வாசித்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று சொந்த வார்த்தையில் நாலு வரி சொல்லத் தெரிந்தால் போதும்.

உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். பருவ மாற்றம் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு, அதாவது ஒரே வகுப்பில் குழந்தை போல இருக்கும் பிள்ளையும் பெரிய பிள்ளை போல இருக்கும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள், இருவருக்குமே உள்ளுக்குள் சங்கடம் இருக்கும். மகளிடம் மாதவிடாய் பற்றி அது வருவதற்கு முன்பே பேசினேன், பையின் உள் அறையில் ஒரு சின்னப் பையில் நாப்கினும் மாற்று உள்ளாடையும் வைத்தோம், பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்வாள் என்பதையும் அவளையே முடிவு செய்யச் சொன்னேன். மகனிடமும் அவன் உடம்பைப் பற்றியும், கூடப் படிக்கும் பெண் பிள்ளைகளைக் கேலி செய்யக் கூடாது என்பதையும் பேசினேன். இதை அப்பா பேசுவாரா அம்மா பேசுவாரா என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தால் கடைசியில் வகுப்பில் யாரோ அரைகுறையாகச் சொல்லிவிடுவார்கள்.

தூக்கம்: 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்க ஆரம்பிப்பதால், படுத்தும் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொல்வது பல சமயம் உண்மைதான். திட்டுவதைவிட, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை வேறு அறையில் வைப்பது பலன் தரும். எங்கள் வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே மேசைக்குப் போகிறது, என்னுடையதும் சேர்த்து. பெரும்பாலான சமூக ஊடகச் செயலிகளின் விதியிலேயே குறைந்தது 13 வயது என்று இருக்கிறது, வகுப்பில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளை சொன்னாலும் அதைக் காட்டியே மறுக்கலாம்.

நட்புதான் பிள்ளைகளை நிஜமாகவே பயப்படுத்துவது. புதுப் பள்ளியில் சாப்பாட்டு இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பது நமக்குச் சின்ன விஷயம், அவர்களுக்கு அன்றைய நாளே அதில்தான் இருக்கிறது. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அந்த வயதில் தோன்றுவதை டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று குறித்திருக்கிறார். அதனால் "யாரும் உன்னைப் பார்க்கல, சும்மா இரு" என்று சொன்னால் அவர்களுக்கு ஏறாது. பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ஒன்றிரண்டு வாக்கியம் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டோம், "இங்க உட்காரலாமா?", "நீ எந்த ஸ்கூல்ல இருந்து வர்ற?" அவ்வளவுதான். ஆசிரியரிடம் "எனக்கு இது புரியல, மறுபடி சொல்றீங்களா" என்று கேட்பதையும் அதே மாதிரி பழகினோம். மகன் முதல் தடவை அப்படிக் கேட்டுவிட்டு வந்த மாலை அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாலையில் "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "எந்த பீரியட் ரொம்ப நீளமாத் தெரிஞ்சது?", "யாராவது இன்னைக்குத் திட்டு வாங்கினாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், அதிலிருந்து பேச்சு வரும். பள்ளிப் பையை இறக்கியவுடன் வேண்டாம், சாப்பிட்டு முடியட்டும்.

முதல் பருவத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பல பிள்ளைகளுக்கு நடக்கிறது, பழகியதும் ஏறும். ஆனால் தினமும் காலையில் வயிற்று வலி என்று சொல்வது, ஞாயிறு இரவானால் அழுவது, பொருட்கள் அடிக்கடி காணாமல் போவது, இருந்த நண்பர்களைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருப்பது, இவற்றைப் பார்த்தால் பிள்ளை தானே சமாளிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், போகிறேன் என்று பிள்ளையிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது பள்ளி திறக்க இரண்டே வாரம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். வாரத் தாளை இந்த ஞாயிறே தொடங்குங்கள், ஏழு கட்டத்தையும் பிள்ளையே போடட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பள்ளி திறக்கும் முன் ஒரு நாள் இருவரும் அந்தக் கட்டிடத்துக்குப் போய், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, வகுப்பறை எந்த மாடி, அலுவலகம் எந்தப் பக்கம் என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். என் மகன் அந்த நடையின்போது மாடிப்படியை எண்ணிக்கொண்டே வந்தான், இருபத்திரண்டு. முதல் நாள் காலை வாசலில் என் கையை விடும்போது அதைத்தான் சொன்னான்: "இருபத்திரண்டு படி, அப்புறம் இடது பக்கம், எனக்குத் தெரியும்மா."