டிஸ்க்கைத் திட்டியே மூன்று ஞாயிறு போச்சு

ஒருவழியாகத் தீர்ந்தது. வீட்டில் இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர் (நோடு) ஒரே டிஸ்க்கைப் பகிர்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றுதான் அதைத் திறக்க வேண்டும். இரண்டாவது நோடு பூட் ஆகும்போது திரையில் சிவப்பாக ‘ஃபெயில்டு’. கெர்னல் லாகில் ‘ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்’ (அனுமதி இல்லாமல் டிஸ்க்கைத் தொட்ட புகார்), அதன் கீழேயே ‘எரர் லோடிங் ஜர்னல்’ (டிஸ்க்கில் எழுதுவதைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறக்க முடியவில்லை). டிஸ்க் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ஒரு பேட் செக்டர்கூட இல்லை. அதையும் நம்பாமல் பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய் சாட்டா கேபிளும் பழைய பவர் சப்ளை ஒன்றும் வாங்கி வந்தேன். (பவர் சப்ளை ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. அது தனிக்கதை.)

துப்பு கொடுத்தது கரண்ட் கட். எங்கள் பழையபேட்டை வீட்டில் முதல் நோடும், நெட்வொர்க் வழியே அந்த டிஸ்க்கைத் தரும் ஐஸ்கசி ஸ்டோரேஜும் யூபிஎஸ்ஸில், இரண்டாவது நோடு நேரடி லைனில். கரண்ட் போய் வந்தால் மட்டுமே எரர்.

டிஸ்க்கில் பதிவான கீக்களை (ஒவ்வொரு நோடுக்குமான எழுத்து அனுமதி) காட்டும் எஸ்ஜி_பெர்சிஸ்ட் கட்டளையை முதல் நோடிலிருந்து போட்டுப் பார்த்தேன். இரண்டு கீ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். இரண்டாவது நோடு பொசுக்கென்று அணைந்ததும் ஃபென்ஸ்_ஸ்கசி (செத்த நோடு டிஸ்க்கில் எழுதாமல் தடுக்கும் கருவி) அந்த நோடின் கீயை அழித்துவிட்டது. சரியாகத்தான் செய்திருக்கிறது. ரிசர்வேஷன் வகை 5: கீ இல்லாதவன் படிக்கலாம், எழுதக் கூடாது. இரண்டு நோடையும் ஒருங்கிணைக்கும் பேஸ்மேக்கர் எழுந்த பிறகுதான் மறுபடி கீ கிடைக்கும். அதற்கு முன்னால் எழுதப் போனது யார்?

நான்தான். போன மாதம் சோதனைக்காக எஃப்எஸ்டேபில் (பூட்டில் எந்த டிஸ்க்கை மவுன்ட் செய்ய, அதாவது திறக்க வேண்டும் என்ற பட்டியல்) இந்த டிஸ்க்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டு மறந்துவிட்டேன். பூட்டில் மவுன்ட் தொடங்குகிறது. முதல் நோடு திறந்து வைத்திருக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் என்பதால் ஜர்னலில் பாக்கி தெரிகிறது, அதை ரீப்ளே செய்ய (எழுதி முடிக்க) எழுதப் போகிறது, அடி வாங்குகிறது.

இது புரிந்ததும் வயிற்றைக் கலக்கியது. நடுவில் ஒருமுறை சாதாரணமாக ரீபூட் செய்திருந்தால் கீ அழிந்திருக்காது. இரண்டு நோடும் ஒரே நேரத்தில் ஒரே டிஸ்க்கை மவுன்ட் செய்து, ஒன்றன்மேல் ஒன்று எழுதி நாசமாக்கியிருக்கலாம். வீட்டு ஃபோட்டோ மொத்தமும் அதில்தான்.

வரியை எடுத்துவிட்டு பிளக்கை இரண்டு முறை பிடுங்கிப் பார்த்தேன், சுத்தம். அடுத்து டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எம்எம்பி (பல மவுன்ட் தடுப்பு) போட வேண்டும். அது இருந்தால் இரண்டாவது மவுன்ட்டை இஎக்ஸ்டி4 தானே மறுத்துவிடும். ஆனால் அதற்கு டிஸ்க்கை அன்மவுன்ட் செய்ய வேண்டும். அம்மா பழைய சீரியல் பார்ப்பதும் அதிலிருந்துதான், அதனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கை வைக்க முடியும்.