பாடநூலில் இருந்த "ஏன்?": முனைவர் பட்ட நாட்குறிப்பு

ஜூன் 9

நெறியாளருடன் நீண்ட நேரம் பேசினேன். "தொடக்கநிலைக் கணிதக் கலைத்திட்டமும் கற்பித்தலும்" என்று பரந்து கிடந்த தலைப்பை ஒரே கேள்விக்குள் அடக்கிவிட்டோம். பாடநூலில் அச்சாகியிருக்கும் "ஏன்?" வகுப்பறைக்குள் வரும்போது என்ன ஆகிறது? பின்னங்கள் பற்றிய பாடங்கள் மட்டும். இத்தனை சிறிய இடத்தைத் தோண்ட வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

ஜூன் 21

கலைத்திட்டம், அதாவது எதை எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம், வகுப்பதற்கு அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் முன்வைத்த நான்கு கேள்விகளைத் திரும்பப் படித்தேன். நோக்கம் என்ன, அதற்கு எந்த அனுபவங்கள் வேண்டும், அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. தெளிவான சட்டகம்தான். ஆனால் ஆசிரியரும் குழந்தையும் பேசிக்கொள்ளும் அந்த நொடி அதில் பிடிபடுவதில்லை என்பது என் எண்ணம். என் வேலைக்குக் கல்வி ஆய்வாளர் ஜான் குட்லாட் நெருக்கமாக இருக்கிறார். எழுத்தில் உள்ள கலைத்திட்டம் வேறு, ஆசிரியர் புரிந்துகொண்டது வேறு, வகுப்பில் நடப்பது வேறு, மாணவர் அனுபவிப்பது வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர்.

ஜூலை 15

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டது. பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் குழந்தை வேண்டாம் என்றால் அதன் குரலைப் பதிவு செய்யக் கூடாது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 6

பாடநூலில் இப்படி இருக்கிறது: "½, ⅓ ஆகியவற்றில் எது பெரிது? ஏன்?"

ஆசிரியர் "எது பெரிசு?" என்று மட்டும் கேட்டார்.

"மூணுல ஒண்ணு" என்றான் ஒரு பையன்.

"இல்ல. அடுத்து நீ சொல்லு."

"பாதி" என்றாள் பக்கத்துச் சிறுமி.

"சரி, உட்காரு."

விடை பலகையில் ஏறிவிட்டது. அந்தப் பையனோ நோட்டின் ஓரத்தில் ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள் போட்டு, ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. பார்வையாளர் குறுக்கிடக் கூடாது என்பதால் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7

நேற்று நடந்தது அந்த ஒரு ஆசிரியரின் பழக்கம் மட்டும் அல்ல. ஆசிரியர் கேட்பது, மாணவர் சொல்வது, ஆசிரியர் சரி தவறு சொல்வது என்ற மூன்று அடுக்கை, வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த ஹியூ மெஹான் 1979லேயே விரிவாகக் காட்டிவிட்டார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்று அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். அதை 3 நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாயின, பதிலே வராத நேரங்கள் குறைந்தன. அதனால் மௌனங்களையும் நொடிக் கணக்கில் அளக்கப் போகிறேன்.

செப்டம்பர் 2

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது. ஒரு பாடவேளைக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஆசிரியரின் கேள்விகளை வகை பிரித்துக் குறியிடுவதற்கு உதவும் தோழியும் நானும் தனித்தனியே குறித்து ஒப்பிட்டோம். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்பதை "ஏன்" வகையில் சேர்ப்பதா என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. வரையறையை மாற்றி எழுத வேண்டும்.

அக்டோபர் 11

எழுத்துப்படியை அந்த ஆசிரியரிடமே காட்டினேன். பொறுமையாக முழுவதும் படித்தார். "ஏன் கேட்கணும்னு எனக்கும் தெரியும். ஆனா பரீட்சையில எதுன்னுதான் வருது. அங்க நின்னா பாடம் முடியாது" என்றார். அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஆசிரியரை மட்டும் கூண்டில் நிறுத்தும் ஆய்வேடு எனக்கு வேண்டாம்.

வினாத்தாள்களும் தரவுக்குள் வந்தாக வேண்டும். கடந்த ஆண்டுத் தாள்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவற்றுக்குத் தனி இயல் ஒதுக்குவதா, பாடநூல் பகுதியிலேயே சேர்ப்பதா என்று திங்களன்று நெறியாளரிடம் கேட்க வேண்டும்.