ஒரே ரூம், மூன்று தூக்க நேரம்: தீம் பார்க் பயணத்தில் பிள்ளைகள்

பார்க்கிலிருந்து ஹோட்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில், மாலை ஐந்தரை மணிக்கு இருபது நிமிஷம் கண்ணயரும் இரண்டு வயதுக் குழந்தை, பெரும்பாலும் அன்று ராத்திரி பத்து மணி வரை தூங்காது. பகல் முழுக்கச் சேர்ந்த தூக்கத் தேவையில் ஒரு பங்கை அந்த இருபது நிமிஷமே தீர்த்துவிடும். அதே ரூமில் படுக்கும் அக்காவும் அண்ணனும் கூடவே விழித்திருப்பார்கள். மறுநாள் காலை க்யூவில் மூன்று பேரும் சிணுங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதனால் திட்டத் தாளில் முதலில் எழுத வேண்டியது கடைக்குட்டியின் மதியத் தூக்கம். ரைடுகளை அதைச் சுற்றித்தான் நிரப்ப வேண்டும்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன அளவுப்படி, பகல் தூக்கமும் சேர்த்து 1–2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். 3–5 வயதுக்கு 10–13, 6–12 வயதுக்கு 9–12, 13–18 வயதுக்கு 8–10. நேரம் மட்டுமில்லை, கடிகாரமும் வேறு. பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை காலையில் எழாமல் கிடப்பதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பி ஒரே நேரத்தில் படுக்க வைக்கும் முயற்சிதான் பயணத்தைக் கெடுக்கிறது.

பிரிந்து போவதுதான் வழி. ஆறு மணிக்கே எழும் சின்னவர்களோடு ஒரு பெரியவர் பார்க் திறக்கும்போதே உள்ளே போகட்டும். முதல் இரண்டு மணி நேரத்தில்தான் க்யூ குறைவு, குழந்தையும் தெளிவாக இருக்கும். இன்னொருவர் பெரிய பிள்ளையோடு பத்து மணிக்கு வந்து சேரலாம். வெயிலும் கூட்டமும் ஏறும் 12 முதல் 3 வரை தூக்கத்துக்கு. மாலையில் பெரிய பிள்ளைகள் மட்டும் பெற்றோரில் ஒருவரோடு பார்க்கின் வாணவேடிக்கைக்குத் திரும்பலாம். மறுநாள் அந்தப் பொறுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே ஆள் ரூமில் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் மனக்கசப்பு வந்துவிடும்.

ரூமுக்குப் போய்த் தூங்க வைப்பதாக இருந்தால், குழந்தை கண்ணைக் கசக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பார்க்கின் கடைசி மூலையிலிருந்து வாசல், வாசலிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து ரூம் என்று முக்கால் மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஒரு மணிக்குத் தூங்க வேண்டுமென்றால் பன்னிரண்டுக்கே, சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டியில் பழத்துண்டு கொடுங்கள், பாடுங்கள், ஜன்னல் வழியே எதையாவது காட்டுங்கள். அப்படியும் தூங்கிவிட்டால் இறங்கும்போது எழுப்பாமல், முடிந்தவரை அந்தத் தூக்கத்தை நீட்டப் பாருங்கள்.

ஸ்ட்ரோலரில், அதாவது குழந்தைத் தள்ளுவண்டியில் தூங்க வைக்க, சாய்வு முழுதாகப் படுக்கும் வண்டி வேண்டும். பெல்ட் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். வெளிச்சத்தை மறைக்கத் துண்டையோ போர்வையையோ மேலே போர்த்துவது பலரும் செய்யும் தவறு. காற்று நின்று உள்ளே சூடு மளமளவென்று ஏறும். காற்றோடும் வலைத்திரை போதும். அதையும் விலக்கி அடிக்கடி பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்துச் சூடாக இருந்தால் உடனே ஏசி உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். நான்கு மாதத்துக்கும் குறைந்த குழந்தை உட்கார்ந்த வாட்டத்தில் தூங்கினால் தலை முன்னே சரிந்து மூச்சுக்குழல் மடங்கக்கூடும். சமமாகப் படுக்க வைத்தே ஆக வேண்டும். நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். பரேடு போகும் பாதைகளில் விளக்குக் கம்பத்திலோ செடிகளுக்கு நடுவிலோ ஸ்பீக்கர் இருக்கும்.

பகல் தூக்கத்தை விட்டுவிட்ட நான்கு வயதுப் பிள்ளைக்கும் இவ்வளவு நடந்தால் கண் சொக்கும். தூங்கட்டும், ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மூன்று மணியைத் தாண்டவும் வேண்டாம். எழுப்பியதும் அழுதால் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரம் மடியில் வைத்திருங்கள்.

தூங்கும் குழந்தையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் ரைடு போய் வந்ததும் மீண்டும் முழு க்யூவில் நிற்காமல் ஆள் மாறும் வசதி பல பார்க்குகளில் உண்டு. டிஸ்னியில் அதன் பெயர் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப். க்யூவுக்குள் நுழையும் முன்பே வாசல் ஊழியரிடம் கேட்க வேண்டும்.

ராத்திரி ரூமில் சின்னது முதலில். தொட்டிக்கட்டிலை டிவிக்கும் ஏசிக் காற்றுக்கும் எதிரே போடாதீர்கள். திரைச்சீலையின் இடைவெளியை, கிளிப் வைத்த துணி ஹேங்கரால் கவ்விவிடலாம். சீரான இரைச்சல் எழுப்பும் கருவி வைத்தால் கட்டிலிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, குறைந்த சத்தத்தில். மற்றவர்கள் மாற்றுத்துணி, பல் பிரஷ், சார்ஜர் எல்லாவற்றையும் விளக்கணைக்கும் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். இருட்டில் பெட்டி ஜிப் இழுக்கும் சத்தத்துக்கு எழும் குழந்தைகள் நிறைய. சின்னது ஆழ்ந்து தூங்க அரை மணி நேரம் விட்டு, பிறகு மற்றவர்கள் உள்ளே வரட்டும்.

தூங்க வைப்பதற்காக இருமல் மருந்தோ அலர்ஜி மருந்தோ கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாகப் பரபரப்பை உண்டாக்கும். ஆபத்தும் உண்டு.

பத்து மணிக்குத் தூங்கினால் காலை ஒன்பதுக்கு எழும் என்பது பெரியவர்களின் கணக்கு. குழந்தை பெரும்பாலும் அதே ஆறு மணிக்குத்தான் எழும். அதனால் குடும்பம் முழுவதும் வாணவேடிக்கை பார்க்கும் நாள் அடுத்தடுத்து வேண்டாம். பார்த்த மறுநாள் சின்னவர்களை அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். வாணவேடிக்கை நாளில் பகல் பையிலேயே இரவு உடுப்பும் பிரஷும் இருக்கட்டும். பார்க்கின் கழிப்பறையிலேயே டயப்பர் மாற்றி, பல் தேய்த்து, உடுப்பையும் போட்டுவிட்டால், திரும்பும் வழியில் தூங்கிப்போன குழந்தையை அப்படியே கட்டிலில் கிடத்திவிடலாம்.